மூன்று கட்டடங்களும் ஒரு குறியீடும்: இலண்டன் படிக மாளிகை குறித்த ஒரு மறுவாசிப்பு

தஸ்தயேவ்ஸ்கியின் ‘நிலவறைக் குறிப்புகள்’ (1864) பற்றித் தமிழில் பேசப்படும்போது பெரும்பாலும் ஒரு மாளிகை குறிப்பிடப்படுகிறது. மனித வாழ்வு முழுவதையும் பகுத்தறிவின் கணக்குக்குள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையின் குறியீடு அது என்று விளக்கம் தரப்படுகிறது. இவ்விளக்கத்தில் பிழையில்லை. ஆயின், அம்மாளிகைக்கு மூலமானது இலண்டனில் இரும்பாலும் கண்ணாடியாலும் மரத்தாலும் எழுப்பப்பட்ட ஒரு பொருட்காட்சிக் கூடம் என்பதும், அதற்கு ஒப்பந்தக்காரர், கூலியாள், நுழைவுக் கட்டணம், வரவுசெலவுக் கணக்கு ஆகியன இருந்தன என்பதும் அவ்விளக்கத்தில் இடம்பெறுவதில்லை. குறியீடு கட்டடத்தை விழுங்கிவிட்டது எனலாம். கட்டடத்தின் வரலாற்றை மீட்டெடுத்து அதன் துணைகொண்டு குறியீட்டை மீண்டும் வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு வாசிக்கும்போது, ‘படிக மாளிகை’ என ஒரே பெயரால் சுட்டப்படுவது உண்மையில் மூன்று கட்டடங்கள் என்பது புலனாகும். இவ்வேறுபாட்டைப் புறந்தள்ளிய வாசிப்பு தஸ்தயேவ்ஸ்கியின் அச்சத்தையும் சரியாக இனங்காண இயலாது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். இதனைப் ‘பளிங்கு மாளிகை’ என்றும் ‘கண்ணாடி மாளிகை’ என்றும் தமிழில் வழங்குவர். பழந்தமிழில் பளிங்கு என்பது ஒளி ஊடுருவும் படிகத்தைக் குறித்த சொல்லே. இன்றைய வழக்கிலோ அது சலவைக்கல்லைக் குறிப்பதாகிவிட்டது. ‘பளிங்கு மாளிகை’ எனக் கேட்கும் இன்றைய வாசகர் மனத்தில் தாஜ்மகால் தோன்றுமேயன்றிக் கண்ணாடிக் கூடம் தோன்றாது. ‘கண்ணாடி மாளிகை’ என்பது பொருளைச் சரியாகத் தரினும் பெயரில் பொதிந்துள்ள உயர்வு நவிற்சியை இழந்துவிடுகிறது. மூலப்பெயரே ஒரு கேலி இதழின் கொடை. 1850இல் ‘பஞ்ச்’ இதழ் சூட்டிய பெயர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. ஓர் இதழின் பாதிக் கேலியும் பாதி வியப்புமான சொல் பின்னாளில் மெய்யியல் கலைச்சொல்லாக உயர்ந்தது. எனவே இக்கட்டுரையில் ‘படிக மாளிகை’ என்ற வடிவமே ஆளப்படுகிறது.

கட்டடம் உருவான வகை

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற அனைத்துலகப் பொருட்காட்சிக்கென ஓர் அரசு ஆணையம் 1850 சனவரியில் அமைக்கப்பட்டது. கட்டட வடிவமைப்புக்கு அறிவிக்கப்பட்ட போட்டியில் 245 வரைவுகள் வந்தன. ஒன்றும் ஏற்கப்படவில்லை. ஆணையத்தின் கட்டடக் குழு தானே ஒரு வடிவத்தைத் தந்தது; செங்கல்லால் ஆன பெருங்கட்டடம், அதன்மேல் பொறியாளர் புரூனல் எண்ணிய மாபெரும் குவிமாடம். பொதுப் பூங்காவில் இலட்சக்கணக்கான செங்கற்களைக் கொட்டி நிலையான கட்டடம் எழுப்புவதா என எதிர்ப்பு எழுந்தது. அந்நிலையில்தான் தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன் உள்ளே வருகிறார்.

பாக்ஸ்டன் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். டெவன்ஷர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். அங்கே வெப்பமண்டலச் செடிகளுக்குக் கண்ணாடி வீடுகள் அமைத்த அனுபவமே அவருடைய முதல். தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த பேரல்லிக்கென அவர் கட்டிய கண்ணாடி இல்லம் பொருட்காட்சிக் கூடத்திற்கு நேர் முன்னோடி. 1850 சூன் 11 அன்று இரயில்வே நிறுவனக் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தபோது மை உறிஞ்சும் தாளில் அவர் கிறுக்கிய முதல் வரைவு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சூலை 6ஆம் நாள் வடிவம் செய்தி இதழில் படமாக வெளிவந்து மக்களின் ஆதரவைப் பெற்றது. ஆணையம் அதன் பின்னரே இணங்கியது.

ஒப்பந்தத்தின் ஓர் உறுப்பு இங்கு நுணுகி நோக்கத்தக்கது. ஃபாக்ஸ், ஹெண்டர்சன் நிறுவனத்தார் 79,800 பவுண்டுக்குக் கட்டித்தர இசைந்தனர். காட்சி முடிந்ததும் இரும்பும் கண்ணாடியும் மரமும் தமக்கே உரியன என்பது அத்தொகைக்கான நிபந்தனை. அதாவது, ஆணையம் கட்டடத்தை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தது. நம் ஊர்த் திருமண வீட்டுக்கு மூங்கிலும் கீற்றும் கொணர்ந்து நட்டு, விழா முடிந்ததும் அவிழ்த்து எடுத்துச் செல்லும் பந்தற்காரரின் ஏற்பாடு எதுவோ அதுவே இதுவும். நவீன உலகின் முதற் கோயில் எனப் பின்னாளில் புகழப்பட்டது அடிப்படையில் ஒரு வாடகைப் பந்தல்.

பந்தல் என்ற ஒப்புமை கட்டட முறைக்கும் பொருந்தும். 24 அடி என்ற அலகின் மடங்குகளாக முழுக் கட்டடமும் வகுக்கப்பட்டது. ஒரே அளவிலான வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் தொலைவிலுள்ள ஆலைகளில் வார்க்கப்பட்டு, இரயிலில் வந்து, களத்தில் பொருத்தப்பட்டன. உள்ளீடற்ற தூண்களே கூரையின் மழைநீரைக் கீழிறக்கும் குழாய்களாகவும் பயன்பட்டன. தரைப்பலகைகளுக்கு இடையே விடப்பட்ட இடுக்குகள் வழியாகத் தூசு கீழே விழுந்தது. பூங்காவின் எல்ம் மரங்களை வெட்டலாகாது என்ற கோரிக்கைக்கு இணங்க, நடுவே 108 அடி உயர வளைகூரை கொண்ட குறுக்குக்கூடம் எழுப்பப்பட்டு மரங்கள் உள்ளேயே நின்றன. 1850 செப்டம்பர் இறுதியில் முதல் தூண் நடப்பட்டது; 1851 மே 1ஆம் நாள் விக்டோரியா அரசி திறந்து வைத்தார். ஏறத்தாழ 1,850 அடி நீளமும் 408 அடி அகலமும் உள்ள கூடம் ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் எழுந்தது.

கண்ணாடிக்கும் ஒரு பொருளியல் வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்டது. வீட்டின் சாளரங்களை எண்ணி விதிக்கப்பட்ட வரி நீக்கப்பட்டதோ 1851இல், பொருட்காட்சி நடந்த அதே ஆண்டில். வெளிச்சத்துக்கு வரி கட்டி வாழ்ந்த ஏழைகளின் நகரில்தான் வெளிச்சத்தின் மாளிகை எழுந்தது. அதற்குரிய ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகளைப் பர்மிங்காம் அருகிலுள்ள சான்ஸ் சகோதரர்களின் ஆலை அளித்தது. ஒவ்வொரு தகடும் 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உடையது. ஒவ்வொன்றும் மனித மூச்சால் ஊதப்பட்ட உருளையைப் பிளந்து, சூட்டில் விரித்துத் தட்டையாக்கியது. பொறியுகத்தின் வெற்றிச் சின்னம் எனப்படும் கட்டடத்தின் மேனி முழுவதும் கைத்தொழில். இதை நினைவில் இருத்துவது நன்று. கூரையின் நீர்த்தாரைகளில் ஓடும் தள்ளுவண்டியில் அமர்ந்தபடி 80 பேர் ஒரே வாரத்தில் 18,000க்கும் மேற்பட்ட தகடுகளைப் பொருத்தினர் என்ற கணக்கு வியப்போடு மேற்கோளாவதுண்டு. அதே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர் என்பதும், அது வெற்றி பெறவில்லை என்பதும் அத்துணை அடிக்கடி மேற்கோளாவதில்லை.

கட்டடம் முழுவதும் ஒளி ஊடுருவும் தன்மையது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியதாகும். தரைத்தளச் சுவர்களின் பெரும்பகுதி மரப்பலகையால் அடைக்கப்பட்டிருந்தது. வெயிலின் கூச்சத்தையும் வெம்மையையும் தணிக்கக் கூரைமேல் துணி விரிக்கப்பட்டது. புல்வெளியில் நின்ற கட்டணமில்லாதவர் கண்ணாடி வழியே உள்ளிருக்கும் பொருளைக் கண்டுவிட முடியாது. ஒளி உள்ளே சென்றது. பார்வை சீட்டு வாங்கிக்கொண்டே சென்றது.

விலைச்சீட்டு இல்லாத அங்காடி

உள்ளே ஏறத்தாழ 14,000 பேர் அளித்த காட்சிப்பொருள்கள் இலட்சம் அளவில் வைக்கப்பட்டிருந்தன. பொருள்களின்மீது விலை குறிக்கலாகாது என்பது விதி. காட்சி கல்விக்கானது, வணிகத்துக்கானது அன்று என்பது அவ்விதிக்குக் கூறப்பட்ட நியாயம். விலை மறைந்த இடத்தில் பொருள் தன்னளவில் ஒளிர்வதாகத் தோன்றியது. அதை உருவாக்கிய உழைப்பின் அளவையும் கூலியின் அளவையும் எண்ணிப் பார்க்க வாய்த்த ஒரே தடயமும் அவ்விதியால் அகற்றப்பட்டது. சந்தையின் மறைப்பாற்றல் குறித்து மார்க்ஸ் பின்னர் ‘மூலதன’த்தில் எழுதவிருந்தவற்றுக்கு இவ்விதியைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இந்தியப் பகுதிக்கு மாளிகையின் நடுவே, குறுக்குக்கூடத்தை ஒட்டி, சிறப்பிடம் தரப்பட்டது. அதனைத் திரட்டி அளித்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அங்கு மூன்று பொருள்கள் நம் கவனத்துக்குரியன. அவை ஒவ்வொன்றும் மாளிகையின் ஒளியோடு வெவ்வேறு வகையில் உறவு கொண்டவை.

முதலாவது கோகினூர். 1849இல் பஞ்சாப் கைப்பற்றப்பட்டபோது லாகூர் உடன்படிக்கையின்படி சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து பெறப்பட்ட இவ்வைரம், 1850 சூலையில் விக்டோரியாவிடம் சேர்க்கப்பட்டது. பொன்முலாம் பூசிய கூண்டுக்குள் வைத்துக் காட்டியபோது கூட்டம் ஏமாற்றம் அடைந்தது, அது மின்னவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் பரவலாகப் பொழிந்த ஒளியில், இந்திய முறையில் பட்டை தீட்டிய கல் வெறும் கண்ணாடித் துண்டுபோல் தெரிந்தது. இறுதியில் அதைச் சுற்றித் துணியால் கூடாரம் அமைத்து, இருளாக்கி, வாயு விளக்குகளைக் கொளுத்திக் காட்டினர். உலகின் மிகப் பெரிய ஒளிக்கூடத்துக்குள் ஓர் இருட்டறை கட்டியே வெற்றிப்பொருளை ஒளிரச் செய்ய வேண்டியிருந்தது. மறு ஆண்டு, 1852இல், 186 காரட் அளவிலிருந்து ஏறத்தாழ 106 காரட்டாக அது வெட்டிக் குறைக்கப்பட்டது. கூடத்துக்கு ஏற்பக் கல் திருத்தப்பட்டது.

இரண்டாவது ஒரு யானை. வங்காளத்து நவாபு அளித்த அம்பாரியைக் காட்ட யானை தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து கொணர வழியில்லை. எசெக்ஸ் பகுதியிலுள்ள சிற்றூர் அருங்காட்சியகம் ஒன்றில் பஞ்சடைத்து வைக்கப்பட்டிருந்த யானை இரவலாகப் பெறப்பட்டது. அது ஆப்பிரிக்க யானை. காதின் அளவை நோக்கினாலே நம் நாட்டுச் சிறுவரும் சொல்லிவிடக்கூடிய வேறுபாடு இது. இந்தியாவைக் காண வந்த இலட்சக்கணக்கானோர் வங்காள அம்பாரி தாங்கிய ஆப்பிரிக்க யானையைக் கண்டு வியந்து சென்றனர்.

மூன்றாவது திருவிதாங்கூர் அரசர் அனுப்பிய தந்த அரியணை. காட்சியின் நிறைவு விழாவில் இளவரசர் ஆல்பர்ட் அதன்மேல் அமர்ந்தார். காட்சிப்பொருள் என்ற நிலையிலிருந்து அது ஆட்சியின் இருக்கையாக மாறிய தருணம் அது. காட்சிக்கு வந்த இந்தியப் பொருள்கள் பலவும் விலைக்கு வாங்கப்பட்டு, 1852இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இடம்பெற்றன. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக விளங்குவது அதுவே.

இவற்றைக் கொண்டு இந்தியப் பகுதி வெறும் கொள்ளைப்பொருட் காட்சி என்று முடிவு செய்வதும் ஒருதலைப்பட்சமே. மாளிகையின் உட்புறத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என வண்ணத் திட்டம் வகுத்த ஓவன் ஜோன்ஸ், இந்தியத் துணிகளின் வண்ண ஒழுங்கைக் கண்டு தம் நாட்டு ஆலைப்பொருள்களின் அழகியல் வறுமையை உணர்ந்தார். 1856இல் வெளிவந்த அவருடைய அணிவடிவ இலக்கண நூலில் அவ்வுணர்வு பதிவாகியுள்ளது. கைவினையைப் புகழ்ந்த அதே காலத்தில் கைவினைஞரின் சந்தையை ஆலைத்துணி அழித்துக் கொண்டிருந்தது என்பதுதான் அப்புகழ்ச்சியின் துயரம்.

சமகாலத் திறனாய்வு

கட்டடம் எழும் முன்பே அதன்மீதான திறனாய்வு எழுந்துவிட்டது. மார்க்சும் எங்கெல்சும் 1850இன் பிற்பகுதியில் எழுதிய அரசியல் மதிப்பீடு ஒன்றில், உலக முதலாளிகள் தம் தெய்வங்களை நிறுவும் கோவிலாக வரவிருக்கும் காட்சியைச் சுட்டினர். இடைக்காலக் கலையின் பற்றாளரான பூஜின் அதனைக் கண்ணாடிப் பூதம் என இகழ்ந்தார். அவரே அதன் இடைக்காலப் பிரிவை வடிவமைத்தும் தந்தார். இகழ்ந்த இடத்திலேயே கடை விரித்தல் திறனாய்வாளர்க்குப் புதிதன்று.

ரஸ்கினின் எதிர்ப்பு இன்னும் ஆழமானது. அவருக்கு அது இதுவரை கட்டப்பட்டவற்றினும் பெரியதொரு செடிவீடு, அதற்குமேல் ஒன்றுமில்லை. 1854இல் மாளிகை மறுபடி திறக்கப்பட்டபோது அவர் வெளியிட்ட சிறுநூல் கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றிச் சிறிதே பேசுகிறது. புதுப்பித்தல் என்ற பெயரால் ஐரோப்பாவின் பழங்கோவில்கள் சிதைக்கப்படுவதைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. புதியதொரு கூடத்தைக் கண்டு வியக்கும் கண்கள் பழையன அழிவதைக் காண்பதில்லை என்பது அவர் முறையீடு. கோவில்களில் மணல்வீச்சு முறையால் கற்சிற்பங்கள் தேய்ந்ததையும் திருப்பணியின்போது கல்வெட்டுகள் மறைந்ததையும் கண்ட தமிழறிஞர்க்கு ரஸ்கினின் இம்முறையீடு அயலானதாகத் தோன்றாது.

செருமானிய ஏதிலி லோதர் பூக்கர் தந்த விவரிப்பு இவற்றினும் வேறானது. கண்ணின் அளவைக்கு அகப்படாத கூடம் அது என்றார் அவர். தூண்களின் வரிசை தொலைவில் நீலநிறப் புகையாகக் கரைந்துவிடுவதை அவர் விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பலர் பாக்ஸ்டனைத் தம் முன்னோடியாகக் கொண்டாடியபோது பின்பற்றியது பூக்கரின் கண்ணையே, ரஸ்கினின் கண்ணையன்று.

சிடென்ஹாமும் தென் கென்சிங்டனும்

ஏறத்தாழ 60 இலட்சம் வருகைகளையும் 1,86,000 பவுண்டு இலாபத்தையும் கண்ட காட்சி 1851 அக்டோபரில் முடிந்தது. ஒப்பந்தப்படி பந்தல் பிரிக்கப்பட வேண்டும். 1852இல் தோன்றிய பங்கு நிறுவனம் ஒன்று 70,000 பவுண்டுக்கு அதை விலைக்கு வாங்கி, இலண்டனின் தெற்கே சிடென்ஹாம் குன்றில் மீண்டும் எழுப்பியது. மீண்டும் எழுப்பியது என்பதும் முழு உண்மையன்று. பழைய இரும்பு பயன்பட்டது, வடிவம் மாறியது. கண்ணாடி ஏறத்தாழ இருமடங்காயிற்று. நெடுங்கூடம் முழுவதற்கும் வளைகூரை அமைந்தது. ஒன்றாக இருந்த குறுக்குக்கூடம் மூன்றாயிற்று. 1853 ஆகஸ்டு 15 அன்று சாரம் சரிந்து 12 தொழிலாளர் மாண்டனர். 1854 சூன் 10 அன்று திறப்பு விழா நடந்தது. எகிப்து, அசீரியா, கிரேக்கம், அல்ஹம்ப்ரா என நாகரிகங்களின் சாந்துப் படிமங்கள் அறை அறையாக வைக்கப்பட்டன. இசைவிழாக்களும் நீரூற்றுகளும் வாணவேடிக்கையும் கூட்டத்தை ஈர்த்தன. தோட்டத்தில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்த அழிந்துபோன பேருயிர்களின் உருவங்கள் இன்றும் உள்ளன. நிறுவனமோ தொடக்கத்திலிருந்தே கடனில் மூழ்கியது. தொழிலாளர்க்குக் கிடைத்த ஒரே ஓய்வுநாளான ஞாயிறன்று மாளிகையைத் திறக்கலாகாது என்ற சமய நெருக்கடி அக்கடனுக்கு ஒரு காரணம்.

மூன்றாவது கட்டடம் 1862ஆம் ஆண்டின் பொருட்காட்சிக்கெனத் தென் கென்சிங்டனில் எழுந்தது. இதனை வடிவமைத்தவர் இராணுவப் பொறியாளர் பிரான்சிஸ் ஃபௌக். இது படிக மாளிகையே அன்று. கனத்த செங்கற்சுவர்கள், இரு முனைகளிலும் கண்ணாடிக் குவிமாடங்கள். அழகற்றது எனப் பலரால் இகழப்பட்ட இக்கட்டடம் இரண்டே ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. அதன் பொருள்கள் வட இலண்டனின் அலெக்சாண்ட்ரா மாளிகைக்குப் பயன்பட்டன. அம்மாளிகை 1873 மே 24இல் திறக்கப்பட்டு, 16ஆம் நாளில் தீக்கிரையாகி, 1875இல் மீண்டும் எழுந்தது.

இரு ரஷ்யர்

செர்னிஷேவ்ஸ்கியின் ‘என்ன செய்ய வேண்டும்?’ (1863) புதினத்தில் வேரா பாவ்லவ்னா காணும் நான்காம் கனவில் எதிர்காலச் சமுதாயம் வாழும் மாளிகை வருகிறது. வார்ப்பிரும்பும் கண்ணாடியும் கொண்ட அதற்கு நிகர் இன்று எங்குமில்லை என்றும், சிடென்ஹாம் குன்றின் மாளிகை மட்டும் அதை ஓரளவு உணர்த்தும் என்றும் ஆசிரியர் குறிப்பிடுகிறார். ஆகவே அவர் சுட்டியது இரண்டாவது கட்டடத்தையே. அங்கே அவர் வணிகக் காட்சியை விலக்கிவிட்டு வாழிடத்தை அமைத்தார். வயலில் கூடி உழைப்போர் அங்கே கூடி உண்கின்றனர், பாடுகின்றனர். பீட்டர்-பால் கோட்டைச் சிறையிலிருந்தபடி எழுதியவருக்கு ஒளி புகும் சுவர் அச்சம் தருவதாக இருந்திருக்க முடியாது. சிறையறையில் இருப்பவன் கண்ணாடியைக் கனவு காண்பதும், நிலவறையை விரும்பித் தேர்ந்தவன் கண்ணாடியை வெறுப்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. தஸ்தயேவ்ஸ்கி பக்கமே நின்று செர்னிஷேவ்ஸ்கியை எளிய மனத்தினர் எனத் தள்ளிவிடும் போக்கு நம்மிடையே வலுவாக உள்ளது. அது முறையன்று.

தஸ்தயேவ்ஸ்கி இலண்டனில் தங்கியது 1862 சூலையில், ஏறத்தாழ ஒரு வாரம். அப்போது நடந்து கொண்டிருந்த உலகக் காட்சி தென் கென்சிங்டனில். அதாவது மூன்றாவது கட்டடத்தில். மறு ஆண்டு வெளியிட்ட ‘கோடைக்காலப் பதிவுகள் பற்றிய குளிர்காலக் குறிப்புக’ளில், பாகால் எனத் தலைப்பிட்ட இயலில், படிக மாளிகையையும் உலகக் காட்சியையும் அவர் ஒருசேர அடுக்கிப் பேசுகிறார். செங்கற்சுவர்க் கட்டடத்தில் நடந்த காட்சிக்கு அருகே கண்ணாடிக் கட்டடத்தின் பெயர் வந்து அமர்கிறது. 1851இன் புகழ், 1854இன் கட்டடம், 1862இன் கூட்டம் ஆகிய மூன்றும் ஒரு பெயருக்குள் உருகிச் சேர்ந்தன. குறியீடு பிறந்த இடம் இதுவே.

இதனைத் தகவற்பிழை எனக் கொள்வது சிறுபிள்ளைத்தனம். அவ்வியலில் அவர் கட்டடத்தை வருணிக்கவில்லை, கூட்டத்தை வருணிக்கிறார். உலகின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் ஒரே எண்ணத்தோடு, ஓசையின்றி, பிடிவாதமாக அக்கூடத்துள் நுழைவதே அவரை நடுங்க வைத்தது. ஏதோ ஒன்று இறுதியாக முடிந்துவிட்டது என்ற உணர்வு அவருக்கு அங்கே தோன்றியது. இங்குதான் கட்டண வரலாறு துணைக்கு வருகிறது. 1851இல் முதல் வாரங்களில் உயர்ந்த கட்டணம் விதித்துப் பின்னர் மே 26 முதல் வாரத்தின் முதல் நான்கு நாள்களுக்கு ஒரு ஷில்லிங் எனக் குறைத்தபோது, ஆளும் வகுப்பார் கலகத்தை அஞ்சினர். 1848இன் புரட்சிகள் ஓய்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. கலகம் எதுவும் நிகழவில்லை. அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் 1,09,915 பேர் வந்து அமைதியாகப் பார்த்துத் திரும்பினர். ஆள்வோர்க்கு அது பெரும் நிம்மதி. பதினோராண்டுகள் கழித்து வந்த ரஷ்யருக்கோ அதே அமைதிதான் பேரச்சம். ஆகவே படிக மாளிகையின் உண்மையான கண்டுபிடிப்பு இரும்பும் கண்ணாடியும் அன்று. வரிசையில் நிற்கும் அமைதியான கூட்டம் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. கட்டடக்கலை வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்து செல்கின்றன. தஸ்தயேவ்ஸ்கி ஒரு வாரத்தில் கண்டார்.

மார்ஷல் பெர்மன் 1982இல் வெளியிட்ட நவீனத்துவம் பற்றிய நூலில் இம்மாளிகையை உண்மை என்றும் குறியீடு என்றும் பிரித்துக் காட்டினார். பாக்ஸ்டனின் கட்டடம் ரஷ்யரின் கற்பனையில் உள்ளதுபோல் இறுகியதன்று. நெகிழ்வும் துணிவும் உடைய படைப்பு என்பது அவர் கருத்து. கட்டடத்தின் உடலைப் பொறுத்தவரை அக்கருத்து ஏற்கத்தக்கது. மேலே கண்ட வாடகை ஒப்பந்தமே அதற்குச் சான்று. ஆயின் உடல் எத்துணை நெகிழ்வுடையதாயினும், அதனுள் நுழைந்த பொருளுக்கும் மனிதருக்கும் அது விதித்த ஒழுங்கு நெகிழ்வுடையதன்று. விலை பேசாதே, தொடாதே, வரிசையில் செல் என்பன அவ்வொழுங்கின் கட்டளைகள். கோகினூரைக் கண்டு ஏமாந்த கூட்டத்தை நோக்கி நம் ஊரில் நின்று பார்க்கும்போது இது எளிதில் புலனாகிறது.

குரல் வெளிவராத கூடம்

மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். உவவனத்தில் உள்ள பளிக்கறை மண்டபத்தின் இயல்பு அங்கே வியப்புக்குரியதாகக் கூறப்படுகிறது. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தோன்றும். அவர் குரல் வெளிவராது. உதயகுமரன் மணிமேகலையின் வடிவத்தைக் காண்கிறான்; அவளை அணுக இயலவில்லை. சாத்தனார் அம்மண்டபத்தை அவளுக்குக் காப்பாக அமைத்தார். காண்பவனுடைய வேட்கையைத் தடுத்து நிறுத்தும் சுவர் அது. இலண்டன் மாளிகையிலும் உருவம் தோன்றியது, குரல் வெளிவரவில்லை. ஆனால் அங்கே காப்பு காண்பவர்க்கு உரியதாயிற்று. வைரம் இருந்தது, அதைக் கையளித்த சிறுவனின் சொல் இல்லை. அரியணை இருந்தது, தந்தத்தைக் குடைந்த கைகள் தம்மைப் பற்றிப் பேசவில்லை. ஒளி ஊடுருவும் சுவர் தன்னளவில் விடுதலையும் அன்று, ஒடுக்குமுறையும் அன்று; யார் உள்ளே, யார் வெளியே, யாருக்குச் சொல் உண்டு என்பவையே அதன் பொருளை அமைக்கின்றன.

நிலவறை மனிதன் அஞ்சியதும் இதனை ஒட்டியே. மாளிகை படிகமாக இருப்பதாலும் என்றென்றும் தகர்க்கவியலாததாக இருப்பதாலும் அதை அஞ்சுவதாகக் கூறும் அவன், அதனை நோக்கி மறைவாகக்கூட நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்ட முடியாது என்கிறான். நாக்கு அங்கே பேச்சின் உறுப்பு மட்டுமன்று, மறுப்பின் உறுப்பு. ஆலையின் ஒழுங்கையோ கணிதத்தையோ விட, மறுப்புக் குரலுக்கு இடமில்லாமை அவனை வதைக்கிறது.

1936 நவம்பர் 30 இரவு சிடென்ஹாம் மாளிகை எரிந்து அழிந்தது. தகர்க்கவியலாதது எனத் தஸ்தயேவ்ஸ்கி அஞ்சியது 72 ஆண்டுகளில் சாம்பலாயிற்று என இதனை வரலாற்றின் முரண்நகையாக எழுதுவது பலர்க்கும் வழக்கம். இவ்வாசிப்பு ஏற்புடையதன்று. முதற் கட்டடம் பிரிக்கப்பட்டதும், மூன்றாவது கட்டடம் நிலைக்காது என்பதும் 1864இல் ஐரோப்பிய இதழ் வாசகர் அறிந்த செய்திகளே. 1866இல் சிடென்ஹாமின் வடக்குக் குறுக்குக்கூடம் எரிந்தது, மீண்டும் கட்டப்படவில்லை. கட்டடம் அழியக்கூடியது என்பதைத் தஸ்தயேவ்ஸ்கிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர் தகர்க்கவியலாதது என்றது செர்னிஷேவ்ஸ்கியின் கனவு கொண்டிருந்த இறுதித்தன்மையை.

அதே பகுதியில் இன்னொரு படிமம் உண்டு. மாளிகைக்கு மாற்றாகக் கோழிக்கூடு ஒன்றைக் காட்டி, மழை வந்தால் நனையாமல் இருக்க அதனுள் புகுவேன், ஆயினும் அந்நன்றிக்காகக் கூட்டை மாளிகை எனக் கொள்ளேன் என்கிறான் நிலவறை மனிதன். பயனும் பெருமையும் ஒன்றல்ல என்பது அவன் வாதம். பாக்ஸ்டனின் கூரைக்கோ அந்தச் சிறு பயன்கூட முழுமையாக வாய்க்கவில்லை. மைல் கணக்கில் நீண்ட நீர்த்தாரைகளும் தூண்களாகிய குழாய்களும் இருந்தும், பெருமழை நாள்களில் ஹைட் பூங்கா மாளிகை ஒழுகியது.